சூலக்கல்லுக்கு அந்தப் பக்கம்

சீசன் தொடங்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், இந்த டீமை இப்படியே இறக்கினால் மூன்றாம் டிவிஷனுக்குத்தான் போவோம் என்று. சும்மா வாயால் சொல்லவில்லை. நாலு பக்கம் எழுதி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி, தாம்பரம் வாண்டரர்ஸ் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் எட்மண்ட் சாருக்கு அனுப்பினேன். அவர் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருதான். ஆனால் நேரில் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சட்டையோடு சலவைக்குப் போட்டுவிடுவார். தபாலில் போனால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று நினைத்தேன்.

1957-லிருந்து வருஷம் தவறாமல் இப்படி ஒரு கடிதம். 1968-இல் எழுதியது பன்னிரண்டாவது. ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை.

என் பெயர் ஹில்டா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை; அதைப் பற்றிக் கவலைப்பட எங்கள் சபையில் போதுமான பேர் இருந்தார்கள், நான் வேறு எதற்கு? எனக்கு இருந்த கவலையெல்லாம் வாண்டரர்ஸின் ஃபார்வர்ட் லைனைப் பற்றித்தான்.

அந்த வருஷக் கடிதத்தில் எழுதியது இதுதான். கோல் கீப்பர் லாசரஸுக்குக் கை நல்ல கை, ஆனால் கார்னர் வந்தால் கால் தரையில் வேர்விட்டுவிடும். சென்டர் ஃபார்வர்ட் ஞானையா ஓடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. செயலாளரின் அக்கா மகன் என்பதைத் தவிர, அவன் அந்த இடத்தில் நிற்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. டீமில் உருப்படியான ஆட்டக்காரர்கள் இரண்டே பேர். இரண்டு பேரையும் பின்வரிசையில் பேக் ஆடவிட்டிருக்கிறீர்கள். ரைட் பேக் ஏகநாதனைக்கூட விட்டுவிடலாம், அவனுக்குப் பொருத்தமான இடம்தான். லெஃப்ட் பேக் ஜெயவேலுவை முன்னால் கொண்டுவாருங்கள். அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க இந்த டிவிஷனில் ஆள் கிடையாது. இதை நான் நான்காவது வருஷமாக எழுதுகிறேன்.

கொண்டுவரவில்லை. ஜூலை கடைசியில் பன்னிரண்டு டீமில் நாங்கள் பத்தாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம். கடைசி இரண்டு டீம் கீழே போகும். எங்களுக்கு ஒரே ஆட்டம் பாக்கி, ராயபுரம் ஸ்போர்ட்டிங் டீமோடு. டிரா செய்தால் தப்பித்தோம். தோற்றால் கோல் கணக்கில் பின்தங்கிப் பதினோராவது இடம், மூன்றாம் டிவிஷன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது எட்மண்ட் சார் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டார்.

"கீழே போனா கிளப்பை மூடிடுவேன். பதினஞ்சு வருஷம் பார்த்தாச்சு. தேர்ட் டிவிஷன்ல மாடு மேயற கிரவுண்டுல எல்லாம் போய் என்னால நிக்க முடியாது."

அவர் வீம்புக்காரர், சொன்னால் செய்வார். வாரத்தில் ஐந்து நாள் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு எலக்ட்ரிக் டிரெயின் ஏறி மெட்ராஸுக்கு மேட்ச் பார்க்கப் போவேன் பாருங்கள், அந்த ஒரு பயணத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த கிளப்தான் எல்லாம்.

*

இதில் எட்மண்ட் சார் செய்த கூத்து ஒன்று இருக்கிறது. அந்த ராயபுரம் மேட்ச் ஜூன் மாதமே நடந்திருக்க வேண்டியது. மழையில் மைதானம் குளமாகிவிட்டதால் தள்ளிவைத்தார்கள். லீக் ஆபீஸில் மூன்று சனிக்கிழமைகளைச் சொல்லி, உங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இவர் சபைக் காலண்டரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சனிக்கிழமை பாடகர் குழு ஒத்திகை. இன்னொரு சனிக்கிழமை மாதர் சங்கத்து விற்பனை. மூன்றாவது, ஆகஸ்ட் மூன்றாம் தேதி, காலி. அதற்குப் பெரிய வட்டம் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

காலி என்றால் சபைக் காலண்டரில் காலி. அது ஆடி மாதம் என்பதோ, பக்கத்திலிருக்கும் ஆலப்பேரியில் செல்லியம்மனுக்குக் காப்புக் கட்டும் வாரம் என்பதோ அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? எங்கள் யார் வீட்டிலும் பஞ்சாங்கம் கிடையாது, முந்தின வருஷங்களில் அதற்குள் சீசனும் முடிந்துவிட்டிருந்தது. ஆனால் எங்கள் டீமின் இரண்டு பேக்குகளும் ஆலப்பேரிக்காரர்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பிராக்டீஸுக்கு இருவரும் வரவில்லை. எங்கள் பிராக்டீஸ் மைதானம் ஆலப்பேரிக்கும் ரயில்வே குடியிருப்புக்கும் நடுவே, ரோட்டுக்கு மேற்கே இருந்த பொட்டல். நடுக்கோடு முடிகிற இடத்தில், எல்லைக் கோட்டை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கும். அதில்தான் நான் உட்காருவது வழக்கம். அன்றும் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நேராக ஜெயவேலு வீட்டுக்குப் போனேன்.

ஜெயவேலுவின் அம்மா கங்கையம்மாள் என் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். ரோடு வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்து நிலமெல்லாம் அவர்கள் குடும்பத்துடையது. இப்போது மிஞ்சியது ஏழு எருமையும் கங்கையம்மாளின் குரலும். என்னைப் பார்த்ததும் தொழுவத்திலிருந்தே கத்தினாள்.

"இன்னா டீச்சரம்மா, பாலு திரிஞ்சி பூட்ச்சா?"

"பால் நல்லாத்தான் இருக்கு. ஜெயவேலு எங்கே? பிராக்டீஸுக்கு ஏன் வரல?"

ஜெயவேலு உள்ளேயிருந்து வந்தான். இடுப்பில் மஞ்சள் வேட்டி. வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய கயிறு. இருபத்துமூன்று வயது ஆள், என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"நேத்து காப்பு கட்டிக்கினான்," என்றாள் கங்கையம்மாள். "வர ஞாயித்துக்கெழம தீ மிதிக்கணும். திங்கக்கெழம காப்பு அவுக்குற வரைக்கும் ஊர் எல்லைய தாண்டக் கூடாது. ஏகநாதனும் அப்டித்தான்."

"சனிக்கிழமை மேட்ச் இருக்கே!"

"இருந்தா இருக்கட்டும். ரெண்டு வருசம் முன்னால மஞ்சக்காமாலைல கெடந்தானே, மறந்துட்டியா? மூணு வருசம் தீ மிதிப்பான்னு ஆத்தாகிட்ட வேண்டிகினுதான் இவன திரும்ப வாங்கினேன். இது மூணாவது வருசம். எல்லைய தாண்டுனான்னா மூணும் வீணா பூடும்."

"சாரி டீச்சர்," என்றான் ஜெயவேலு, தரையைப் பார்த்தபடி.

நான் மறக்கவில்லை. மஞ்சள் பூத்த கண்ணோடு அவன் கிடந்தது நன்றாக நினைவிருந்தது. நானும் அப்போது முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினவள்தான். யாருடைய வேண்டுதல் கேட்கப்பட்டது என்று கங்கையம்மாளோடு வழக்கு நடத்த நான் போகவில்லை. எனக்கு வேண்டியது என் இரண்டு பேக்குகள்.

"சரி, எல்லை எது?" என்று கேட்டேன்.

"தோ, ரோடுதான்."

"ரோடு போட்டு இருபது வருஷம்கூட ஆகலையே. ஆத்தா அதுக்கு முன்னாடியே இருந்தாங்க இல்ல? அப்போ எது எல்லை?"

கங்கையம்மாள் பால் செம்பைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"எம் மாமியா சொல்லும். மேக்கால சூலக்கல்லு, தெக்கால ஒத்தப் பனைன்னு. பனை கீது. கல்லுதான் எங்க பூட்ச்சோ. ரோட்டுக்கு அந்தாண்டதான் எங்கியோ இருந்திச்சாம்."

ரோட்டுக்கு அந்தாண்ட! ரோட்டுக்கு அந்தாண்டதான் எங்கள் மைதானம். கல் மைதானத்துக்கு மேற்கே இருந்துவிட்டால், மைதானம் முழுக்க ஊருக்குள் வந்துவிடும். மேட்சையே இங்கே கொண்டுவந்துவிடலாம். இரண்டு டீமும் சம்மதித்தால் புறநகர் மைதானத்தில் ஆடலாம் என்று எங்கள் லீகில் விதி இருந்தது.

"நாளைக்குக் காலைல கல்லைத் தேடுவோம்," என்றேன்.

கங்கையம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? எங்க ஆத்தா கல்லயா?"

"நான்தான். கடப்பாரை மட்டும் நீங்க கொண்டுவாங்க."

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நாங்கள் மூன்று பேர், நானும் கங்கையம்மாளும் செல்லியம்மன் கோயில் பூசாரியும், அந்தப் பொட்டலைச் சல்லடை போட்டுச் சலித்தோம். ஜெயவேலுவும் ஏகநாதனும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, "அங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில்வே குடியிருப்பு வேலிவரை போனோம். புதரை விலக்கினோம். புளியமரத்தடியில் இரண்டு குழி தோண்டினோம், செங்கல்தான் வந்தது. சபையில் இரண்டு பேர் அந்த வழியாக நடைப்பயிற்சி போனவர்கள், கணக்கு டீச்சர் பூசாரியோடு சேர்ந்து குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு நின்று நிதானமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழரை மணிக்கு எனக்கு இடுப்பு விட்டுப்போனது. போய் என் கல்லில் உட்கார்ந்தேன்.

கங்கையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, நான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தாள்.

"எய்ந்திரு," என்றாள்.

எழுந்தேன். பூசாரி கல்லைச் சுற்றி மண்ணைக் கிளறினார். நான் பார்த்தது மேல் பாதிதான். கீழே இன்னும் இரண்டடி புதைந்திருந்தது. கிழக்குப் பக்கத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு மண்ணை எடுத்ததும், மூன்று முனையும் தெளிவாக, சூலம் தெரிந்தது.

"அடிப்பாவி!" என்று கங்கையம்மாள் மார்பில் கை வைத்தாள். "இத்தினி வருசமா ஆத்தா தலமேலயா குந்திகினு கீற?"

பன்னிரண்டு வருஷமாக. அடிக்க வருவாளோ என்றுகூட நினைத்தேன். பூசாரிதான் சிரித்தார். "தெரியாம குந்தினதுக்கு ஆத்தா கோவிச்சிக்க மாட்டா. நீ குந்தினதாலதான் இத்த யாரும் பேத்துகினு போவல." கல்லைக் கழுவி மஞ்சள் பூசினார். பிறகு கல்லுக்குப் பின்னால் நின்று தெற்கே கையை நீட்டினார். மைதானத்துக்கு அந்தக் கடைசியில், வானத்தை முட்டிக்கொண்டு ஒற்றைப் பனை.

"கல்லுக்கும் பனைக்கும் நேர்க்கோடு. கெழக்கால ஆத்தா எடம். மேக்கால வெளியூரு."

நானும் அவர் கையோடு பார்த்தேன். பார்த்ததும் உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் உட்காரக் கல் இல்லை. கல்லிலிருந்து பனைக்குப் போகிற கோடு, எங்கள் பையன்கள் சுண்ணாம்பில் போட்டுவைத்திருந்த நடுக்கோட்டின் மேலேயே போனது. மைதானத்தில் கிழக்குப் பாதி ஊருக்குள். மேற்குப் பாதி ஊருக்கு வெளியே.

கை நழுவிப்போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். கங்கையம்மாள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால்பந்தில் இரண்டு பாதி. ஒரு பாதியில் கிழக்குக் கோலைக் காப்போம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, அதே கிழக்குக் கோலைத் தாக்குவோம். அதாவது ஜெயவேலுவும் ஏகநாதனும் கிழக்குப் பாதியை விட்டு நகரவே வேண்டாம். ஒரு பாதி நேரம் பேக். மறு பாதி நேரம் ஃபார்வர்ட். நாலு வருஷமாக நான் தபால் தலை ஒட்டி அனுப்பியதைச் செல்லியம்மன் ஒரே காலையில் முடித்துக்கொடுத்துவிட்டாள். அந்தப் பொட்டல் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

கங்கையம்மாளுக்குப் புரியவைக்க இரண்டு தடவை மண்ணில் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை.

"ஆட்டத்துல வெறி வந்தா கோடாவது ஒண்ணாவது. இவன் ஓடிடுவான், எனக்குத் தெரியும் எம்புள்ளைய. நீ பேச்சு குடு. கோட்ட தாண்ட மாட்டான்னு நீ ஜவாப்தாரி. நீ சொன்னா அனுப்பறேன்."

"நான் ஜவாப்தாரி, என் பொறுப்பு," என்றேன்.

*

புதன்கிழமை பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு ராயபுரம் போனேன். அவர்கள் ஏழாவது இடத்தில் நிம்மதியாக இருந்தவர்கள். இந்த ஆட்டத்தில் அவர்களுக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. "தாம்பரத்துக்கு வரோம், பிரியாணி போடுவீங்களா?" என்று கேட்டார்கள். போடுவேன் என்றேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே எட்மண்ட் சார் வீட்டுப் படியேறினேன்.

நான் திட்டத்தைச் சொல்லச் சொல்ல அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"கல்லுக்கும் பனைமரத்துக்கும் ஏத்த மாதிரி நாம ஃபுட்பால் ஆடணுமா, டீச்சர்? சபையில என்ன பேசுவாங்க?"

"ரெண்டு பேக்கும் இல்லாம மெட்ராஸ்ல போய் ஆடினா ஆறு கோல் வாங்குவோம். அதுக்கும் சபையில பேசுவாங்க. தேதி வெச்சது யாரு சார்?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அவங்க முன்னாடி போனா பின்னாடி யாரு?"

"ஞானையா. பேக் நின்னா ஓட வேண்டிய வேலை கம்மி."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் லீக் ஆபீஸுக்கு அனுப்பும் மனுவில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "தோத்தா மூடிடுவேன். அதுல மாத்தம் இல்ல."

*

லீக் ஆபீஸ் அனுமதி கொடுத்துவிட்டது. சனிக்கிழமை அந்தப் பொட்டலில் இருந்த அளவு கூட்டத்தை நான் அங்கே பார்த்ததில்லை. ஆலப்பேரி மொத்தமும் கிழக்கே. எங்கள் சபை, ரயில்வே குடியிருப்பு எல்லாம் மேற்கே. சூலக்கல்லுக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தார்கள். நான் அதற்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். என் அருகில் கங்கையம்மாள், வாழ்க்கையில் முதல் தடவையாக மேட்ச் பார்க்க வந்தவள். நடுக்கோட்டைக் காலையில் நானே நின்று இரண்டு பங்கு சுண்ணாம்பு போடவைத்திருந்தேன்.

முதல் பாதியில் கிழக்குக் கோல் எங்களுடையது. ஜெயவேலுவும் ஏகநாதனும் சுவர் வைத்த மாதிரி நின்றார்கள். ஆனால் கார்னர் வந்தது. லாசரஸின் கால் வேர்விட்டது. இடைவேளைக்கு ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்.

பக்கம் மாறியபோது எங்கள் ஆட்கள் நின்ற இடங்களைப் பார்த்து ரெஃப்ரி புருவத்தை உயர்த்தினார். ராயபுரத்துக்காரர்கள் சிரித்தார்கள். பேக் ரெண்டும் முன்னால், சென்டர் ஃபார்வர்ட் பின்னால், இதென்ன டீம் என்று. பத்து நிமிஷத்தில் சிரிப்பு நின்றது. ஜெயவேலுவிடம் பந்து போனால் அவர்களுடைய பேக்குகள் திரும்புவதற்குள் அவன் அவர்களைத் தாண்டிப் போயிருந்தான். இரண்டு தடவை கம்பத்தில் அடித்தான். மூன்றாவது தடவை ஏகநாதன் தலையால் இறக்கிக் கொடுத்ததை வலது காலால் வாங்கி இடது காலால் அடித்தான். வலை கிழிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றுக்கு ஒன்று.

கங்கையம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ளயா அது? எம்புள்ளயா?" நாலு வருஷமாக நான் மட்டும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரன் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

இனி டிராவைக் காப்பாற்றினால் போதும். அதுதான் கஷ்டம். ராயபுரம் வீம்போடு ஏறி வந்தது. பந்து மேற்கே வந்தால் எங்கள் இரண்டு நல்ல ஆட்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஞானையாவைப் பற்றி எழுதியதில் பாதியை இங்கே வாபஸ் வாங்குகிறேன். கோலுக்குள் போய்விட்டது என்றே நான் நினைத்த பந்து ஒன்றை அவன் விழுந்து காலால் எடுத்தான்.

கடைசி நிமிஷம். எங்களுக்கு ஒரு கார்னர். ஒரு பாயிண்ட் போதும் என்று தெரிந்தும் புத்தி கெட்டு எல்லாரும் முன்னால் போனார்கள், ஞானையாகூட. கார்னர் பந்தை ராயபுரத்துக்காரன் ஒருவன் ஓங்கி வெளியே அடித்தான். அது நேராக, இடது ஓரத்தில் ஆடும் அவர்களுடைய லெஃப்ட் அவுட்டின் காலில் விழுந்தது. அவனுக்கு முன்னால் மேற்குப் பாதி மொத்தமும் காலி. தூரத்தில் லாசரஸ் மட்டும்.

அவன் ஓடினான். ஜெயவேலு துரத்தினான். வேறு யாராலும் அவனைப் பிடித்திருக்க முடியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் இடையே பத்தடி ஐந்தடியாயிற்று, ஐந்தடி மூன்றடியாயிற்று. லெஃப்ட் அவுட் கோட்டைத் தாண்டினான். இன்னும் நாலு எட்டு. ஜெயவேலு அவனைப் பிடித்துவிடுவான், பந்தைத் தட்டிவிடுவான், விசில் ஊதுவார்கள், கிளப் பிழைத்துவிடும். அவன் கண்ணில் கோடும் இல்லை, ஆத்தாவும் இல்லை, பந்துதான் இருந்தது. கங்கையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நில்லுடா ஜெயவேலு!"

கத்தியது நான்தான்.

நின்றான். சரிந்து, கையை ஊன்றி, கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தான். அவன் கட்டைவிரலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். லெஃப்ட் அவுட் ஒருவரும் துரத்தாமல் போய், லாசரஸை ஏமாற்றி, பந்தை உள்ளே உருட்டிவிட்டான்.

*

விசில் ஊதிய பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. எட்மண்ட் சார் மட்டும் கிட்டே வந்தார். "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா டிரா," என்றார். அதில் கோபம்கூட இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெயவேலு அழுதுகொண்டிருந்தான்.

"நான் தாண்டியிருப்பேன் டீச்சர். நெனப்பே இல்ல. நீங்க கத்தலன்னா தாண்டியிருப்பேன்."

"தெரியும்டா," என்றேன்.

எனக்குச் செல்லியம்மனிடம் நம்பிக்கை இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஜவாப்தாரி என்று சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் நானும் 'பிடிடா' என்றுதான் கத்தியிருப்பேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பன்னிரண்டு வருஷமாகப் பின்தொடர்ந்த கிளப்பை ஒரே கத்தலில் நானே கீழே தள்ளிவிட்டேன் என்பது தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே எட்மண்ட் சார் வீட்டுக்குப் போனேன். ராத்திரி அழுது தீர்த்தாகிவிட்டது. காலையில் எழுந்தபோது ஒன்று தெளிவாக இருந்தது. மூன்றாம் டிவிஷன் என்பது சாவு இல்லை. அதுவும் ஒரு டிவிஷன்தான். அங்கே முதலாவது வந்தால் மேலே வரலாம்.

"கிளப்பை மூடுறீங்களா?"

"மூடியாச்சு."

"அப்போ பதிவுப் புத்தகத்தையும் முத்திரையையும் என்கிட்ட கொடுங்க."

"ஒரு லேடி செக்ரட்டரியா? ரூல்ஸ்ல எங்க இருக்கு?"

"கூடாதுன்னு எங்க இருக்கு? காட்டுங்க சார்."

அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பதிவுப் புத்தகம், முத்திரை, ஒரு விசில், பழைய ஜெர்சிகள். அடியில் ஒரு கட்டுக் கடிதம், நூல் கட்டி. என் கையெழுத்து. பன்னிரண்டும் இருந்தன. முதல் இரண்டுதான் பிரித்திருந்தது. மற்ற பத்தும் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

1965-ஆம் வருஷத்து உறையை அவர் கண்ணெதிரிலேயே கிழித்து, மூன்றாம் பக்கத்தை எடுத்து நீட்டினேன். 'ஜெயவேலுவை முன்னால் ஆடவிடவும்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுத்துட்டுப் போங்க டீச்சர்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் ஆலப்பேரியில் தீமிதி. கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். ஜெயவேலு மூன்றாவது ஆளாக இறங்கினான். முகத்தைச் சுளிக்காமல் நடந்து கரையேறினான். கங்கையம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை பால் கொண்டுவந்தவள் செம்பை வைத்துவிட்டு நின்றாள். நன்றி என்றெல்லாம் அவளுக்குச் சொல்ல வராது. அரைப் படி கூடுதலாக ஊற்றியிருந்தாள்.

"இன்னா, நீதான் இனிமே எல்லாத்துக்குமாமே? ஜெயவேலு சொல்ச்சி. அடுத்த வருசம் தேதி வெக்கறச்சே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வையி."

"கேக்கறேன்," என்றேன். கேட்பதென்ன, அன்றைக்கே பதிவுப் புத்தகத்தைப் பிரித்து, கமிட்டி உறுப்பினர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதிவிட்டேன்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். வருவார்களோ மாட்டார்களோ என்று பயம்தான். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஞானையாவும் வந்திருந்தான், இனி பேக்தான் ஆடுவேன் என்று அவனே சொன்னான். நான் கல்லில் உட்காரவில்லை. வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுபோயிருந்தேன்.

ஜெயவேலு கடைசியாக வந்தான். மணிக்கட்டில் கயிறு இல்லை, கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும். கார்னர் பக்கம் போய் நின்றான். அங்கிருந்து மேற்கே பார்த்து ஓட ஆரம்பித்தான். சனிக்கிழமை ஓடிய அதே வழி. கோட்டுக்கு வந்தான். 'நில்லுடா' என்று எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அவன் கோட்டைத் தாண்டி, காலிப் பாதியில் நாலு எட்டு வைத்து, அங்கே இல்லாத ஒரு பந்தைக் காலை நீட்டித் தட்டிவிட்டான். மூச்சிரைக்கத் திரும்பி நின்று என்னைப் பார்த்தான்.

விசிலை ஊதினேன்.

"இன்னொரு தடவை!" என்று கத்தினேன்.